மொட்டை டயரும் கால் மைலும்

சங்ககிரியில் எங்க சித்தப்பா டயர் ரீட்ரெடிங் பட்டறை வச்சிருந்தார். பள்ளிக்கூட லீவு விட்டா நான் அங்கதான் கிடப்பேன். லாரியிலிருந்து கழட்டின தேஞ்ச டயரை பஃபிங் மெஷின்ல மாட்டிச் சுரண்டுவாங்க. சொல்யூஷன் தடவுவாங்க. ட்ரெட் ரப்பரைச் சுத்தி ஒட்டுவாங்க. அப்புறம் அச்சுக்குள்ள வச்சு வேக வைப்பாங்க. வெளியே வரும்போது புது டயர் மாதிரியே கோடு கோடா இருக்கும். அந்த ரப்பர் வாசம் எனக்கு இப்பவும் பிடிக்கும். வீட்டம்மாவுக்குப் பிடிக்காது, அது வேற கதை :-)

பட்டறைக்கு வர்ற டயர்கள்லயே ரொம்ப மோசமானதுக்கு ஒரே பேருதான்: மொட்டை டயர். சித்தப்பாவோட வாடிக்கையாளர் ஒருத்தர், சொந்த லாரி வச்சு தானே ஓட்டினவர், "இன்னும் ஒரு நடை போயிட்டு வந்து மாத்திக்கறேனுங்க"ன்னு சொல்லிட்டுக் கிளம்பினார். பின்சக்கரம் மொட்டை. தொப்பூர் கணவாய்ல மழை. அவர் திரும்பி வரலை. அவருக்காக எடுத்து வச்சிருந்த ரெண்டு டயரை சித்தப்பா ரொம்ப நாள் யாருக்கும் கொடுக்காம மூலையில சாத்தி வச்சிருந்தார். நான் அப்ப எட்டாவது படிச்சிட்டிருந்தேன். மழையும் மொட்டை டயரும்னு சொன்னா எனக்கு இன்னைக்கும் அந்த மூலைதான் ஞாபகம் வரும்.

இந்த முன்கதை எதுக்குன்னா, காசு கொடுத்து, அதுவும் கொள்ளைக்காசு கொடுத்து, மொட்டை டயர் வாங்கற ஆட்களை நான் 2019 ஜூன்ல நேர்ல பார்த்தேன். ஒஹாயோ மாநிலத்துல நார்வாக்னு ஒரு சின்ன ஊர். அங்கே டிராக் ரேஸ் நடக்கற பெரிய தளம் இருக்கு. (டிராக்னா இங்கே இழுவை. தமிழ்ல எழுதினா ஓடுதளம் மாதிரியே தெரியுது, என்ன பண்றது!) எங்க ஆபீஸ் நண்பர் ஒருத்தர், அமெரிக்கர், வயசு ஐம்பதைத் தாண்டியாச்சு, 1990 மாடல் ஃபோர்டு மஸ்டாங் வச்சிருக்கார். வாரநாள்ல அதுலயே ஆபீஸ் வருவார், சனிக்கிழமை அதையே பந்தயத்துக்கு ஓட்டிட்டுப் போவார். "ஒரு நாள் வந்து பாரேன்"னு கூப்பிட்டார், போனேன்.

டிராக் ரேஸ் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. ரெண்டு கார் பக்கத்துல பக்கத்துல நிக்கும். விளக்கு பச்சையானதும் நேர்கோட்டுல கால் மைல், அதாவது 402 மீட்டர், யார் முதல்ல போறாங்கன்னு பார்ப்பாங்க. அவ்வளவுதான், வளைவு கிடையாது. "இதுல என்ன இருக்கு, மிதிச்சா போகுது"ன்னு நானும் நினைச்சேன். நம்ம நண்பர் சிரிச்சுட்டு, "இன்ஜின் எவன் வேணா பண்ணுவான். அந்த சக்தியை ரோட்டுல இறக்கறதுதான் பாடு"ன்னார். அவருக்கு அந்த வருஷம் இருந்த ஒரே கேள்வி: பின்னாடி என்ன டயர் போடறது? ஆபீசுக்கும் போகணும், பந்தயத்துலயும் பிடிக்கணும். ஒரே டயர்ல ரெண்டும் நடக்குமா?

இந்தக் கேள்விக்கு வயசு 70க்கு மேல. எனக்கு இதுல பைத்தியம் பிடிச்சு, ஒரு வருஷமா கிடைச்சதையெல்லாம் படிச்சேன். அதுதான் இந்தப் பதிவு.

இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு வந்த அமெரிக்க இளைஞர்கள் பழைய கார்களை வாங்கிக் குடைஞ்சு, கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளிலும், ராத்திரி நேரத்தில் தெருக்களிலும் ஓட்டினார்கள். தெருவில் ஓட்டினால் என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. ஆள் செத்தது, போலீஸ் துரத்தியது, பத்திரிகைகள் திட்டின. 1950-ல் சாண்டா ஆனாவில் விமானநிலைய ஓடுபாதை ஒன்றில் முறையாக டிக்கெட் போட்டு டிராக் ரேஸ் நடத்த ஆரம்பித்தார்கள். (நம்ம சோழவரமும் போர்க்கால விமான ஓடுபாதைதான். உலகம் பூரா பந்தயக்காரனுக்கு ராணுவம் விட்டுட்டுப் போன சொத்து அது.) 1951-ல் 'ஹாட் ராட்' பத்திரிகையின் ஆசிரியர் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். பசங்களைத் தெருவிலிருந்து கூட்டிட்டு வந்து ஒரு பாதுகாப்பான தளத்தில் ஓட விடணும் என்பதுதான் நோக்கம். 1953-ல் போமோனாவில் சங்கத்தின் முதல் பந்தயம் நடந்தபோது, அந்த ஊர் காவல்துறைத் தலைவரே ஆதரவாக நின்றார்.

1955 செப்டம்பரில் கான்சஸ் மாநிலம் கிரேட் பெண்டில் முதல் தேசியப் பந்தயம். மழை கொட்டி, இறுதிச் சுற்றை முடிக்க முடியவில்லை. நவம்பரில் அரிசோனாவில் போய் மீதியை ஓட்டி முடித்தார்கள். இந்த மழையைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க, திரும்பவும் வரும்.

அப்ப டயர் என்ன? தெரு டயர்தான். இன்ஜின் சக்தி கூடக் கூட, பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுத்திப் புகையைக் கக்கியது. கார் நகரவில்லை. பசங்க யோசிச்சாங்க. காய்ந்த ரோட்டில் ஓடறதுக்குக் கோடு எதுக்கு? கோடு இருக்கிற இடமெல்லாம் ரோட்டைத் தொடாத இடம்தானே? தண்ணி வெளியேறத்தான் கோடு. மழை பெய்தால் பந்தயமே கிடையாது, அப்புறம் என்ன! நேரா ரீட்ரெடிங் பட்டறைக்குப் போனார்கள். பழைய டயரைச் சுரண்டி, மேலே அகலமா, மெத்துனு ஒரு ரப்பரை ஒட்டி, கோடே போடாமல் வேக வைத்து வாங்கிக்கொண்டார்கள். அதுதான் முதல் தலைமுறை 'ஸ்லிக்'. இதைப் படிச்சப்போ உட்கார்ந்த இடத்துல இருந்து எழுந்தே நின்னுட்டேன். எங்க சித்தப்பா செய்த அதே வேலை, கடைசி அச்சை மட்டும் விட்டுட்டாங்க!

பிறகு மாசசூசெட்ஸிலிருந்து தந்தையும் மகனுமாக ரெண்டு பேர் வந்தார்கள். ஹாரி ரிஃப்கின், மார்வின் ரிஃப்கின். அவங்க பேரோட முதல் எழுத்துகள்தான் 'எம் அண்ட் எச்'. 50களின் கடைசியில், அடுத்தவன் டயர் மேல் ரப்பர் ஒட்டுவதை விட்டுவிட்டு, டிராக் ரேசுக்கென்றே முழு டயரையும் வடிவமைத்து 'ரேஸ்மாஸ்டர்' என்ற பெயரில் விற்றார்கள். பெரிய டயர் கம்பெனிகள் இந்தப் பக்கம் பெரிதாகத் திரும்பிப் பார்க்காத காலம் அது.

இங்கே கொஞ்சம் இயற்பியல், கோவிச்சுக்காதீங்க. பிளஸ் ஒன் புத்தகத்துல உராய்வு விதி படிச்சிருப்போம். உராய்வு விசை எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததில்லை என்று. உராய்வுக் குணகம் அதிகபட்சம் 1 என்று வச்சுக்கிட்டா, கார் எடை முழுக்கப் பின்சக்கரத்தில் இருந்தாலும் முடுக்கம் 1 ஜி-யைத் தாண்டாது. கணக்குப் போட்டுப் பாருங்க, 402 மீட்டருக்கு 9.06 நொடி. அதுக்குக் கீழே எந்தக் காரும் போக முடியாது, இன்ஜின் எவ்வளவு பெரிசா இருந்தாலும்.

1957 நவம்பரில் ஃபுளோரிடாக்காரர் டான் கார்லிட்ஸ் 8.79 நொடியில் ஓடினார், மணிக்கு 176 மைல் வேகம். கலிபோர்னியாக்காரர்கள் நம்பவில்லை, உங்க ஊர்க் கடிகாரம் சரியில்லைன்னு கிண்டல் அடிச்சாங்க. 1964-ல் அதே கார்லிட்ஸ் நியூஜெர்சியில் 7.78 நொடியில், மணிக்கு 201 மைலில் ஓடிக் காட்டினார். சராசரியாகவே 1.3 ஜி-க்கு மேல் வருது.

புத்தகம் தப்பா? தப்பில்லை. அந்த விதி மரக்கட்டைக்கும் இரும்புக்கும் எழுதினது. ரப்பர் வேற ஜாதி. சூடான மெத்து ரப்பர் ரோட்டோடு நிஜமாகவே ஒட்டிக்கொள்கிறது. ரோட்டின் பொடிக்கல் ஒவ்வொன்றையும் சுற்றி வழிந்து, பள்ளத்தில் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. அதனால் பரப்பும் முக்கியம், சூடும் முக்கியம், ரப்பரின் குணமும் முக்கியம். எடையைப் பின்னால் கொண்டுபோவது இன்னொரு வழி. 1954 வாக்கில் மிக்கி தாம்ப்சன் ஓட்டுநரையே பின் அச்சுக்குப் பின்னால் உட்கார வைத்துக் காரைக் கட்டினார். உண்டிக்கோல் மாதிரி இருந்ததால் அந்த வடிவத்துக்கு 'ஸ்லிங்ஷாட்' என்றே பேர். இதே தாம்ப்சன் 1963-ல் டயர் கம்பெனியும் ஆரம்பித்தார். நண்பர் பட்டியலில் அந்தப் பேர்தான் முதலில் இருந்தது.

இதெல்லாம் பந்தயத்துக்கென்றே கட்டிய கார்களின் கதை. நம்ம நண்பர் கதை வேற. தெருக் காரையே பந்தயத்துக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு 'ஸ்டாக்' வகுப்புகள் இருந்தன. அங்கே விதி கறாராக இருந்தது. கடையில் வாங்கிய கார் மாதிரியே இருக்கணும், 60களின் தொடக்கத்தில் டயர் அகலம் 7 அங்குலம் வரைதான். அப்புறம் டயரில் கோடு இருக்கணும். மொட்டையாக இருக்கக்கூடாது.

விதி எழுதினவன் ஒரு மடங்கு யோசிச்சா ஓட்டறவன் ரெண்டு மடங்கு யோசிப்பான். ஸ்லிக் ரப்பரையே எடுத்து அதில் பேருக்கு ரெண்டு மூணு கோடு கீறினார்கள். "கோடு இருக்கா? இருக்கு. அப்ப தெரு டயர்தான்." அந்த டயருக்கு ஊரே வைத்த பேர் 'சீட்டர் ஸ்லிக்', அதாவது ஏமாத்து மொட்டை. போலீஸைத் தூரத்தில் பார்த்ததும் டேங்க் மேல் இருக்கிற ஹெல்மெட்டை எடுத்து மாட்டுவோமே, அந்த மாதிரிக் கோடு அது. காஸ்லர் என்ற பெயரில் வந்தவை ரொம்பப் பிரபலம். அவையும் ரீட்ரெட்தான்.

இன்னொரு டயர் கதை இதைவிட ருசியானது. 1960 வாக்கில் எஸ்ஸோ பெட்ரோல் பங்குகளில் அட்லஸ் 'ப்யூக்ரான்' என்ற டயர் விற்றார்கள். சாதாரணக் குடும்பக் காருக்கான டயர், ரோட்டில் கிறீச்சிடாது என்பது விளம்பரம். அது பியூட்டைல் ரப்பரில் செய்தது. 1937-ல் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி வேதியியலாளர்கள் கண்டுபிடித்த செயற்கை ரப்பர் அது, நமக்கெல்லாம் லாரி ட்யூபாகத்தான் பழக்கம். பட்டறையில் பியூட்டைல் துண்டை உருட்டிக் கீழே போட்டா துள்ளாது, சாணி மாதிரி 'தொப்'னு விழும். இயற்கை ரப்பர் உருண்டை கூரை வரைக்கும் எகிறும். துள்ளாத ரப்பர் என்றால் வாங்கின சக்தியைத் திருப்பித் தராமல் உள்ளேயே விழுங்குகிறது என்று அர்த்தம். ரோட்டுப் பொடிக்கல் மேல் அமுங்கும்போதும் அதையே செய்யும். அதுதான் பிடி. ஸ்டாக் வகுப்புப் பசங்க இதை மோப்பம் பிடிச்சிட்டாங்க. பங்குக்குப் போய் பெட்ரோலும் போட்டு, விதிப்புத்தகம் ஒரு குறையும் சொல்ல முடியாத டயரையும் வாங்கிட்டு வந்து ஜெயிச்சாங்க :-) ஆனா விழுங்கின சக்தி சூடாகத்தானே வெளியே வரணும்? டயர் சீக்கிரம் தேஞ்சது. வாங்கின குடும்பஸ்தர்கள் மைலேஜ் வரலைன்னு புலம்பினாங்க.

அந்தக் காலத் தெருக் கார்களோட நிலைமையையும் பார்க்கணும். 1964 பான்டியாக் ஜிடிஓ-வின் சாதாரண மாடலுக்கே 325 குதிரைசக்தி. அதுக்குக் கம்பெனி மாட்டிக் கொடுத்த டயரோ 7.50-14, ஒல்லிக்குச்சி. சிவப்புக் கோடு போட்டு அழகா இருக்கும், அவ்வளவுதான். டெட்ராய்ட் பக்கத்து உட்வர்ட் அவென்யூவில் ராத்திரி ராத்திரி பந்தயம் விட்ட பசங்க காரில் சீட்டர் ஸ்லிக் சகஜம். பந்தயத்தைத் தெருவிலிருந்து தளத்துக்குக் கொண்டுபோகத்தான் சங்கம் ஆரம்பிச்சாங்க. தளத்து விதிக்காகப் பிறந்த டயர், கோடு இருக்கிறதாலேயே தெருவுக்குத் திரும்பி வந்துடுச்சு. ரெண்டு கோடு எவ்வளவு தண்ணியை வெளியேத்தும்? தொப்பூர்ல எனக்குத் தெரிஞ்ச அளவுதான்.

60களின் நடுவில் டயரின் பக்கச்சுவரே மாறியது. மெல்லிசான, தொளதொளன்னு ஒரு சுவர், உள்ளே ரொம்பக் குறைச்ச காத்து. 'ரிங்கிள் வால்', சுருங்கும் சுவர். விளக்கு பச்சையானதும் சக்கரம் சுத்தும், டயர் உடனே சுத்தாது. ஈரத்துணியைப் பிழியற மாதிரி பக்கச்சுவர் முறுக்கிச் சுருங்கும். இன்ஜினோட முதல் அடி ரோட்டுக்குப் போகாமல் சுவருக்குள்ளே போய்விடும். ரோட்டைத் தொடும் பரப்பு நீளும். அப்புறம் முறுக்கு அவிழும்போது கார் பாயும். வேகம் ஏறினால் டயர் வீங்கி உயரம் கூடும், கியர் மாத்தின மாதிரி வேலை செய்யும். மெதுவாக ஓடும் படத்தைத் தேடிப் பாருங்க, ரப்பர் உயிரோட நெளியும். முன்னெல்லாம் கால் மைல் முழுக்கப் புகை விட்டுக்கொண்டு போன கார்கள், இதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் புகையில்லாமல் போக ஆரம்பித்தன. ஆனால் இந்தச் சுவரை வச்சுக்கிட்டு ஹைவேயில் லேன் மாத்திப் பாருங்க. முன்பக்கம் போகும், பின்பக்கம் யோசிக்கும்.

நம்ம ஊர் லாரிக்காரங்க பாஷையில் சொன்னா இதெல்லாம் 'நைலான் டயர்', குறுக்கும் நெடுக்குமாக நூல் போட்டது. மிஷ்லின் 1946-லேயே ரேடியலுக்குக் காப்புரிமை வாங்கியாச்சு. அமெரிக்காவுக்கு வரத்தான் நாளாச்சு. 1970 லிங்கன் கான்டினென்டல் மார்க் 3-தான் ரேடியலோடு வந்த முதல் அமெரிக்கக் கார். டிராக் ரேஸ்காரங்க அதுக்கப்புறமும் ரொம்ப நாள் ரேடியலைத் தொடலை. அது வழுக்க ஆரம்பிச்சா ஆரம்பிச்சதுதான், திரும்பப் பிடிக்காது. நைலான் ஸ்லிக் கொஞ்சம் வழுக்கிக்கிட்டே பிடிக்கும், ஓட்டறவன் தப்பை மன்னிக்கும். 90களின் நடுவில் பிஎஃப் குட்ரிச் ரேடியல் உடம்பு, ஸ்லிக் மாதிரி ரப்பர், மேலே பேருக்குக் கோடு என்று 'டிராக் ரேடியல்' கொண்டுவந்தது. மற்ற கம்பெனிகளும் பின்னாடியே வந்தன. ரோட்டில் நேராகப் போகும், ஹைவேயில் ஆடாது, சனிக்கிழமை பிடிக்கும். நண்பர் காரில் அன்னைக்கு இருந்தது அந்த வகைதான்.

இதோட உச்சம் 2018 டாட்ஜ் டீமன். 840 குதிரைசக்தி, கால் மைல் 9.65 நொடி, நாலு சக்கரத்திலும் ஷோரூமிலிருந்தே நிட்டோ டிராக் ரேடியல். வாங்குகிறவர்கள் மழை, குளிர் பற்றிய எச்சரிக்கைத் தாளில் கையெழுத்துப் போடணும்னு வச்சிருந்தாங்க. சீட்டர் ஸ்லிக்குக்கு அறுபது வருஷம் கழிச்சு அரசாங்க மரியாதை!

நார்வாக்குக்கு வருவோம். காரை நிறுத்தினதும் நண்பர் முதல்ல பண்ணின வேலை, பின் டயர்ல காத்தைக் குறைச்சது. 30 பவுண்டுல வந்தவர் 17 பவுண்டுக்கு இறக்கினார். தொடக்கக் கோட்டுக்கு முன்னால தண்ணி ஊத்தி வச்சிருப்பாங்க. அதுல டயரை நனைச்சு, சுத்த விட்டுப் புகை கிளப்பிச் சூடேத்தணும். ஆனா கோடு போட்ட டயர்காரங்க தண்ணியைச் சுத்திக்கிட்டுத்தான் போகணும். கோட்டுக்குள்ள தண்ணி நின்னு, அப்புறம் தொடக்க இடத்துல சொட்டினா அடுத்தவனுக்கு ஆபத்து. தளத்துல பிசின் மாதிரி ஒண்ணு தெளிக்கிறாங்க. நான் ஆர்வக்கோளாறுல கோட்டுப் பக்கம் போய் நின்னு, திரும்பும்போது ஒரு செருப்பு அங்கேயே ஒட்டிக்கிச்சு. அசிங்கமாப் போச்சு. நண்பர் 12.1 நொடி ஓடினார். தெரு டயர்ல அதே காருக்கு 12.9. இன்ஜின்ல ஒரு ஸ்க்ரூ கூடத் திருப்பலை.

ராத்திரி திரும்பும்போது மான்ஸ்ஃபீல்ட் பக்கத்துல இடி மின்னலோட மழை பிடிச்சது. ரோடே தெரியலை. பெட்ரோல் பங்குல ஓரங்கட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "மெதுவா 40 மைல்ல போயிடலாம், நாளைக்கு எனக்கு வேலை இருக்கு"ன்னார். நான் இறங்கி, செல்போன் வெளிச்சத்துல அந்தப் பின் டயரைப் பார்த்தேன். அமெரிக்காவுல டயர் பக்கத்துல தேய்மான எண் போட்டிருப்பாங்க. சாதாரணக் கார் டயருக்கு 400, 500 இருக்கும். இதுல '00'. அகலமோ 275 மில்லிமீட்டர். அகலமான டயர் தண்ணி மேல இன்னும் சுலபமா மிதக்கும். கோடுன்னு பார்த்தா, எங்க பட்டறைக்கு அது வந்திருந்தா மொட்டைன்னுதான் எழுதி ஓரமா வச்சிருப்போம்.

"நான் வரலை. நீங்களும் போக வேண்டாம்"னு சொல்லிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிடுச்சு. முப்பது வருஷமா கார் ஓட்டறவர்கிட்ட, மஸ்டாங் ஸ்டியரிங்கையே தொடாத ஒருத்தன் சொன்னா எப்படி இருக்கும்? தொப்பூர் கதையைச் சொன்னேன். இங்கிலீஷ்ல சொன்னதால பாதிதான் வந்துச்சுன்னு நினைக்கிறேன். ஆனா மூலையில சாத்தி வச்சிருந்த ரெண்டு டயரைச் சொன்னப்போ அவர் சாவியை எடுத்து ஜோபியில போட்டுக்கிட்டார். ஒண்ணே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

சும்மா இருந்த நேரத்துல போன்ல தேடினப்போ ஒண்ணு கிடைச்சது. 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பிச்ச மாம்மன் மாப்பிள்ளை, 1952-ல் ட்ரெட் ரப்பர் பண்ண ஆரம்பிச்சார். எம்ஆர்எஃப். 60களின் தொடக்கத்துல அவங்க டயர் செய்ய இறங்கினப்போ கைகோத்த அமெரிக்கக் கம்பெனி மான்ஸ்ஃபீல்ட் டயர் அண்ட் ரப்பர். ஊர்? இதே மான்ஸ்ஃபீல்ட், ஒஹாயோ! கம்பெனி எப்பவோ மூடியாச்சு. நம்ம ஊர்ல பழைய ஆளுங்க இன்னும் 'மான்ஸ்ஃபீல்ட் டயர்'னு சொல்வாங்களே, அந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சுன்னு நான் யோசிச்சதே இல்லை.

சரி, நண்பர் என்னதான் பண்ணினார்னு கேப்பீங்க. அவரோட சேர்ந்து யோசிச்சதுல என் கருத்து இது. ஒரே டயர்ல ரெண்டும் வேணும்னா டிராக் ரேடியல்தான், ஆனா அது வீட்டுக்கும் தளத்துக்கும் அரைமணி தூரம் இருக்கறவனுக்கு, வானத்தைப் பார்த்துக் கிளம்பறவனுக்கு. ரெண்டரை மணி நேரம் ஹைவேயில போறவனுக்கு இல்லை. குளிர்ல அந்த ரப்பர் கட்டையாயிடும், உறைபனியில விரிசலே விடும், அதனால ஒஹாயோல வருஷத்துல பாதி நாள் அது வீணான சாமான். பின்னாடி நைலான் ஸ்லிக், முன்னாடி ரேடியல்னு கலந்து போட்டா வேகத்துல கார் வாலை ஆட்டும். உயரத்தையும் மறந்துடக்கூடாது. 26 அங்குல டயருக்குப் பதில் 28 போட்டா, ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது கார் 64.6-ல போயிட்டிருக்கும். போலீஸ்காரர்கிட்ட டயர் வரலாறு சொல்ல முடியாது.

இதைச் சரியாப் புரிஞ்சவங்க 'டிராக் வீக்' ஆட்கள்னு நினைக்கிறேன். 2005-ல் ஹாட் ராட் பத்திரிகை ஆரம்பித்த போட்டி. ஒரு வாரம் ஊர் ஊரா வேற வேற தளத்துல ஓடணும், நடுவுல சுமார் 1000 மைல் அதே காரை ரோட்டுலயே ஓட்டிக்கிட்டு வரணும். லாரில ஏத்தக் கூடாது. நிறைய பேர் காருக்குப் பின்னாடி கட்டில் சைஸ்ல ஒரு குட்டி டிரெய்லர் கட்டி, அதுல ஸ்லிக்கைப் போட்டு இழுத்துக்கிட்டுப் போறாங்க. தளத்துக்கு வந்ததும் மாத்துவாங்க, முடிஞ்சதும் தெரு டயரை மாட்டிக்கிட்டுக் கிளம்புவாங்க. எழுபது வருஷ ரப்பர் ஆராய்ச்சிக்கு அப்புறமும் அவங்க நம்பறது ஜாக்கியையும் ஸ்பேனரையும்தான்.

நண்பரும் அந்த வழிக்கு வந்துட்டார். டிரெய்லர் வாங்கலை. மஸ்டாங் பின்சீட்டை மடக்கி, டிராக் ரேடியல் மாட்டின ரெண்டு சக்கரத்தையும் படுக்கப் போட்டு, ஜாக்கியை இடுக்குல செருகிட்டுப் போறார். நார்வாக்ல போய் மாத்தறதுக்கு 25 நிமிஷம் ஆகுது. எனக்கு இப்ப அந்தக் கார்ல சாமான் வைக்க இடம் கிடையாது, மடியில வச்சுக்கறேன்.

போன மாசம் அந்த டயர் படத்தை சித்தப்பாவுக்கு வாட்ஸப்ல அனுப்பி, ரெண்டும் சேர்த்து 700 டாலருக்கு மேலன்னு சொன்னேன். பட்டறையை மூடி எட்டு வருஷமாச்சு, ஆனா மனசு அங்கதான் இருக்கும்போல. உடனே போன் வந்துச்சு.

"ஏங்கண்ணு, புதுசே இப்படித்தான் மொட்டையா வருதா?"

"ஆமாங் சித்தப்பா."

"எத்தனை கிலோமீட்டர் ஓடும்?"

"பந்தயத்துலயா? ஒரு ஓட்டத்துக்கு நானூறு மீட்டருங்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "தேஞ்சதுக்கப்புறம் அந்த கேசிங்க என்ன பண்றாங்கன்னு கேட்டுச் சொல்லு கண்ணு."